மாப்பிள்ளைக்கு இரண்டு பிறந்தநாள்

இதில் ஒருவருடைய பெயரும் வராது. மகளின் கட்டளை. எழுதுவதென்றால் எழுதுங்கள், பெயர் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்பது போகப் போக விளங்கும். எனக்கு இது ஒரு பாரமே இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து புருசனை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டே காலம் ஓட்டியவள் நான். ஆகவே புருசன் இவர், மகள் மகள், மாப்பிள்ளை மாப்பிள்ளை.

மகள் பிசியோதெரபிஸ்ட். மூட்டையும் முழங்காலையும் பிடித்துப் பிடித்து நிமிர்த்துகிற படிப்பு. நான் டொக்டர் ஆக்கப் பார்த்தேன், அவள் அதற்குப் பக்கத்து வளவில் போய் நின்றுவிட்டாள். போகட்டும் என்று விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிட்னியில், கிரவீனில் எங்கள் குசினியில் நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, வந்து கதிரையில் இருந்து, தான் ஒருவனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். தமிழ்ப் பெடியனோ என்று கேட்டேன். இல்லையாம். வெள்ளையோ என்றேன். அதுவும் இல்லையாம். எக்குவடோராம். உலகப்படத்தில் அது எந்த மூலையில் கிடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தென்னமெரிக்கா என்றாள். சரி, அங்கேயும் மனிசர்தானே இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"என்ன வேலை?"

"ஃபுட்போல் விளையாடுறான் அம்மா."

"அது சரி. வேலை?"

"அதுதான் வேலை."

இதென்ன கோதாரி என்று கிரைண்டரை நிற்பாட்டினேன். எங்கள் சனத்துக்கு மாப்பிள்ளை என்றால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ட், ஒன்றும் அகப்படாவிட்டால் ஐ.டி. பின்னேரம் பந்தடித்துவிட்டு வந்து கால் கழுவிப் படிக்க இருக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பந்தடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவனை நான் கண்டதில்லை. கோயிலில் ஆராவது கேட்டால் என்ன சொல்வது? மாப்பிள்ளை அரைக்காற்சட்டையோடு வேலைக்குப் போகிறார் என்றா?

இவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அது என் மடத்தனம். இவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கோல் காத்தவர். அந்தக் காலத்தில் மறித்த பந்துகளைப் பற்றி இன்றைக்கும் கதைப்பார், விட்ட பந்துகளைப் பற்றி ஒருநாளும் கதைக்கமாட்டார். மகள் சொன்னதைக் கேட்டதும், "புரொபெஷனலோ?" என்று கேட்ட மனிசன், சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தவர்தான். சாப்பிடக்கூட வரவில்லை.

மாப்பிள்ளையின் சரித்திரத்தை எனக்கு இவர்தான் பாடமெடுத்தார். கடற்கரை ஊர், தகப்பன் மீன்பிடி. பதினாறு வயதில் ஒரு துறைமுகப் பட்டினத்துக் கழகம் தூக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு சிலி, மெக்சிக்கோ, ருமேனியா, சைப்பிரஸ், மலேசியா, கடைசியாக சிட்னி. எங்கள் ஆட்கள் அகதியாகக்கூட இத்தனை நாடு திரிந்திருக்கமாட்டார்கள். இடதுபக்கப் பின்வரிசையாம். அப்படியென்றால் கோல் அடிக்கிறவன் இல்லை, அடிக்க வருகிறவனை மறிக்கிறவன். டிவியில் அவனைக் கிட்டக் காட்டுவது அவன் பிழை விட்டால் மட்டும்தான்.

ஆனால் ஒரேயொரு முறை அவன் தன் நாட்டுக்காக இறங்கியிருக்கிறான். ஆட்டம் முடியப்போகிற நேரம், ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொள்ள, இவனை உள்ளே விட்டார்கள். பந்தை இரண்டு தரம் தொட்டான், அதில் ஒன்று வெளியே போனது. அந்த வீடியோவை இவர் எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்க முதல் அதைப் பார்த்தாக வேண்டும். வெளியே போன பந்தைக்கூட நிற்பாட்டி, திருப்பிப் போட்டு, காற்று அந்தப் பக்கம் அடித்ததென்று விளக்கம் சொல்வார்.

அவன் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது நான் வேண்டுமென்றே, மீனும் நண்டும் மிளகாயும் அள்ளிப் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினேன். பெடியன் ஓடுகிறானா பார்ப்போம் என்றுதான். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். செத்தான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, தங்கள் ஊரிலும் சூரை மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்டு இப்படி ஒன்று காய்ச்சுவார்கள், ஆனால் உறைப்புக் காணாது, தன் அம்மா இதைக் குடித்தால் உங்களைக் கட்டிப்பிடிப்பாள் என்றான். இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தான். போகும்போது, மகள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், "போட்டு வாறன் அன்ரி" என்றான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இளகிவிட்டது. அதை வெளியில் காட்டவில்லை.

இனி எனக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு ஆயுதம். சாதகம். சிட்னியில் இருந்தால் என்ன, செவ்வாயில் இருந்தால் என்ன, சாதகம் பாராமல் எங்கள் வீட்டில் ஒரு தாலி ஏறாது. மகளிடம் அவனுடைய பிறந்த திகதியும் நேரமும் கேட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திகதியைச் சொன்னாள். நேரம் விடியற்காலை என்று அவன் அம்மா சொன்னாளாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்துச் சாத்திரியாருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் எக்குவடோர் எங்கே என்று கேட்டு, நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்து, இரண்டு நாளில் போன் எடுத்தார். பொருத்தம் சுமார் என்றார். பிறகு, "பெடியன் எக்கவுண்டன்டோ?" என்றார். ஏன் என்று கேட்டேன். இந்தச் சாதகக்காரன் கதிரையை விட்டு எழும்பமாட்டானாம், கடல் கடந்து போக யோகமும் இல்லையாம், நிழலில் இருந்து கணக்கெழுதுகிற வாழ்வாம்.

எனக்குக் கொஞ்ச நேரம் ஆசையாகத்தான் இருந்தது. எக்கவுண்டன்ட் மருமகன் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை அவன் சாப்பிட வந்தபோது பகிடியாகச் சொன்னேன், உன் கிரகங்கள் உன்னை மேசை வேலைக்குத்தான் அனுப்பியிருக்கின்றன, நீ வழி தவறிப் போய்விட்டாய் என்று. இவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கையில் இருந்த அப்பளத்தைக் கீழே வைத்தான்.

"அன்ரி, இந்தத் திகதிக்குப் பொருத்தம் பார்த்தால், நீங்கள் வேறு ஒருவனுக்குத்தான் மகளைக் கொடுப்பீர்கள்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்.

பிறகு முழுக்கச் சொன்னான். கழகம் தூக்கியபோது அவனுக்குப் பதினாறு இல்லை, பத்தொன்பது. அந்த ஊரில் பெடியன்களைத் தேடி வருகிற தரகன் ஒருவன், பத்தொன்பது வயதில் ஒரு மீன்பிடிகாரன் மகனை ஒருவரும் வாங்கமாட்டார்கள், பதினாறு என்றால் வாங்குவார்கள் என்று தகப்பனுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறான். எங்கேயோ போய் ஒரு புதுப் பிறப்புச் சான்றிதழோடு வந்திருக்கிறான். அன்றிலிருந்து பாஸ்போர்ட், ஒப்பந்தம், விசா எல்லாம் அந்தத் திகதியில்தான். இடையில் காணாமல் போன மூன்று வருடமும் அவன் தகப்பனோடு வள்ளத்தில் வலை இழுத்தவன். கடதாசியில் அந்த வருடங்களே இல்லை. பொலிசுக்கும் கழகத்துக்கும் பொய் சொல்லிவிட்டான். நட்சத்திரம் பார்த்துப் பெண் கொடுக்கிற வீட்டில் பொய் நட்சத்திரம் கொடுத்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று, பிறந்த நேரம் கேட்டபோதே அவன் தாய் அழுதிருக்கிறாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் வெகு சாதாரணமாக, இவனுடைய கடைசிப் பெயர் தெரிய முதலே இவனுடைய முழங்காலின் வயது தனக்குத் தெரியும் என்றாள். ஸ்கானில் எலும்பு பொய் சொல்லாதாம். இப்படித்தான் இந்தக் காலத்தில் காதல் வருகிறது போல.

நான் பேய்க்கோபத்தோடு வாயைத் திறந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பத்திலா என் பிள்ளையைக் கொடுப்பது என்று கேட்கத்தான் திறந்தேன். அதற்குள் இவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சும்மா சிரிப்பில்லை, கண்ணால் தண்ணீர் ஓட, மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று.

ஏனென்றால் இவருக்கும் இரண்டு பிறந்தநாள். சண்டைக் காலத்தில் ஏஜென்சிக்காரன் கொடுத்த இன்னொருவனுடைய பாஸ்போர்ட்டில் வந்தவர் இவர். அதில் இருந்த விபரத்தை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். இங்கே வந்து இறங்கி, அகதி என்று கையைத் தூக்கி, தன் சொந்தப் பெயரை உண்மையாகச் சொன்னார், ஊரை உண்மையாகச் சொன்னார், பிறந்த திகதி என்று கேட்டபோது மட்டும் பாடமாக்கினது வாயில் வந்துவிட்டது. நாலு வயது குறைந்துவிட்டது. பிறகு திருத்தப் போனால் மற்றதையும் கிளறுவார்கள் என்ற பயம். இப்படி எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பேங்க் ஒரு நாளில் வாழ்த்து அனுப்பும், பெண்சாதி வேறொரு நாளில் பாயாசம் வைப்பாள். ஒருவருக்கும் அது வினோதமில்லை.

ஆனால் அதில் ஒரு வினை இருக்கிறது. இவருடைய கூட்டாளிகள் பென்ஷன் எடுத்துக்கொண்டு கோயிலில் வம்பளக்கிறார்கள். இவர் இன்னும் விடியப்புறம் எழும்பி, நாரி நோவுக்கு இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு, சாமான் கிடங்கில் பெட்டி தூக்கப் போகிறார். அரசாங்கக் கணக்கில் இவர் இன்னும் இளந்தாரி. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், வயசு போன உடம்பு எப்படி எழும்பும் என்று தெரிந்தவள். இவர் கட்டிலை விட்டு எழும்புகிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்தபடி இவர் அவனிடம் சொன்னார்: "தம்பி, நீர் மூண்டு வருசத்தை ஒளிச்சுப்போட்டு ஓடினீர். நான் நாலு வருசத்தை ஒளிச்சுப்போட்டு இப்ப அதைச் சுமக்கிறன்."

மகள் மொழிபெயர்த்தாள். அவன் எழும்பிப் போய் இவரைக் கட்டிப்பிடித்தான். என்னுடைய கோபத்தைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

உண்மைத் திகதியைச் சாத்திரியாருக்கு அனுப்பினேன். ஆள் மாறிவிட்டதா என்று அவர் கேட்டார், திகதிதான் மாறியது என்றேன். எட்டுப் பொருத்தம் என்றார். காலால் உழைப்பான், கடல் பல கடப்பான் என்றார். இவ்வளவும் சொன்ன பிறகு நான் என்ன செய்கிறது? சரி, கலியாணத்தை வையுங்கள் என்றேன்.

இப்போது அவன் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். சிட்னிக் கழகம் அந்தப் பருவத்தோடு அவனை விட்டுவிட்டது. மெல்பேணில் ஒரு கழகம் ஒரு வருடத்துக்கு எடுக்கத் தயாராக இருந்தது, மருத்துவப் பரிசோதனை முடிந்தால் கையெழுத்து. அவனுக்கு அந்த ஒரு வருடம் உயிராக இருந்தது. காரணம் காசில்லை. அவன் நாடு விட்டுப் போன நாளிலிருந்து அவன் விளையாடுகிறதை அவன் தாய் நேரில் பார்த்ததில்லை. ருமேனியாவுக்கும் மலேசியாவுக்கும் ஆர் அவளைக் கூட்டிக்கொண்டு போவது? இப்போது கலியாணத்துக்கு வரப்போகிறாள், விசாவும் வந்துவிட்டது. அவள் வருகிற மாதம் புதுப் பருவம் தொடங்குகிறது. அவள் கதிரையில் இருந்து பார்க்க, தான் ஒரேயொரு ஆட்டம் ஆடவேண்டும். அதற்குப் பிறகு கால் கழன்று விழுந்தாலும் பரவாயில்லை என்றான். அப்படிச் சொல்லாதே என்று நான் வாயில் அடித்துக்கொண்டேன்.

எனக்கு ஓட்டை வாய் என்பது சிட்னி மேற்கு முழுக்கப் பிரசித்தம். ஆனால் பரிசோதனைக்கு முந்தின வாரம் முழுவதும் நான் கோயிலுக்கே போகவில்லை. போனால் அவனுடைய வயதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற என் சிநேகிதி, சுகமில்லையோ என்று சூப் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை. சூப்பைக் குடித்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

மெல்பேணுக்கு நாலு பேரும் காரில் போனோம். நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டினேன். வழியில் எல்லாம் இவர் அவனுக்குத் தமிழில் எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். பொயிண்ட் குக்கில் இவருடைய தங்கச்சி, எனக்கு மச்சாள், அவள் வீட்டில் இறங்கி இரவு தங்கினோம். காலையில் அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆயத்தப்படுத்தச் சொல்லிவிட்டுப் பரிசோதனைக்குக் கிளம்பினோம். மகளும் அவனும் உள்ளே போனார்கள். நானும் இவரும் கார் நிற்கிற இடத்தில் பிளாஸ்க்கோடு காத்திருந்தோம். இவர் அங்குமிங்கும் நடந்தார், நான் நல்லூர்க் கந்தனைப் போட்டு வதைத்தேன். எக்குவடோர்க்காரனுக்காக நேர்த்தி வைத்த முதல் யாழ்ப்பாணத்து மாமி நானாகத்தான் இருப்பேன்.

திரும்பி வரும்போது மகளின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. அவன் முன்கதிரையில் ஏறி, பட்டியைப் போட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி இருந்தான். மகள்தான் சொன்னாள். டொக்டர் நல்ல மனிசனாம், பிழையாக ஒன்றும் கதைக்கவில்லையாம். படத்தைத் திரையில் போட்டுக் காட்டி, முப்பத்துமூன்று வயதுக்காரனுக்கு இந்த முழங்கால் அளவுக்கு மிஞ்சித் தேய்ந்திருக்கிறது, எங்களுக்குப் பயமாக இருக்கிறது, கழகத்துக்கு வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன் என்றாராம். பிறகு, ஆறுதலுக்குத்தான், இதே முழங்கால் ஒரு முப்பத்தாறு வயதுக்காரனிடம் இருந்திருந்தால் அபாரம் என்று சொல்லியிருப்பேன் என்றாராம்.

அவனுக்கு உள்ளபடி முப்பத்தாறுதான். அதை அங்கே சொல்ல முடியாது. சொன்னால் ஒப்பந்தம் மட்டுமில்லை, விசாவும் போகும், இத்தனை வருடம் ஓடின ஓட்டமும் போகும். நன்றி சொல்லிக் கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எனக்கு அந்த டொக்டரிலும் கோபம், அந்தத் தரகனிலும் கோபம், நேர்த்தியை எடுத்துக்கொண்டு ஒன்றும் செய்யாத கந்தனிலும் கோபம். ஒருவரையும் பிடித்து ஏச முடியாமல் புட்டுப் பெட்டியைப் படாரென்று மூடினேன். பாதி வழியில் அவன் ஆங்கிலத்தில் ஒன்று மட்டும் சொன்னான், அம்மாவுக்கு இன்றைக்குச் சொல்லமாட்டேன் என்று. இவர் பின்னால் இருந்து அவன் தோளில் கையை வைத்தபடியே வந்தார்.

மச்சாள் ஒன்றும் தெரியாதவள். இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கைக்காய் என்று மேசையை நிரப்பியிருந்தாள். முதல்நாள் இரவு நாங்கள் வந்து சேர்ந்தபோது அவள் படுத்துவிட்டாள், காலையில் அவசரம், இப்போதுதான் மாப்பிள்ளையை ஆறுதலாகப் பார்க்கிறாள். கையால் சாப்பிடுகிறானே என்று மெச்சினாள். கறி போட்டாள். ஊர் எது, சகோதரங்கள் எத்தனை, அம்மா எப்போது வருகிறா என்று விசாரித்தாள். அவன் எல்லாவற்றுக்கும் "ஓம் அன்ரி" என்றான்.

பிறகு மச்சாள் கேட்டாள், எங்கள் ஆட்கள் எவரும் கேட்கிறது போல, ஒரு கள்ளமும் இல்லாமல்:

"தம்பிக்கு என்ன வயசு?"

நான் பருப்புக் கரண்டியோடு அப்படியே நின்றேன். இவருக்குப் புரையேறியது. மகள் என்ன சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் அவளுடைய கையைத் தொட்டு நிற்பாட்டினான். மச்சாளைப் பார்த்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"முப்பத்தாறு."

மச்சாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "முப்பத்தாறோ? சும்மா சொல்லாதேயும். பாத்தால் முப்பது எண்டுதான் ஆரும் சொல்லுவினம். நல்லா வச்சிருக்கிறீர் தம்பி உடம்பை."

என்ன சொன்னா என்று அவன் மகளிடம் கேட்டான். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். சாப்பிட்ட கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடியே, மற்றக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். அவ்வளவு பெரிய ஆம்பிளை, தோள் குலுங்கக் குலுங்க.

மச்சாள் பயந்துபோனாள். நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று என்னைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை" என்றேன். "இன்னொருக்காச் சொல்லும்."